மேல்வீட்டுப் பிள்ளை

கீழ்வீட்டு ஃப்ரௌ ஆலெர்ஸ் எழுதிய கடிதத்தில் கோபம் என்று ஒன்றும் இருக்கவில்லை. நல்ல தடித்த தாளில் நீல மையால், வரி கோணாமல் எழுதியிருந்தார்: "மதிப்புக்குரிய விஜயரத்தினம் குடும்பத்தினருக்கு, பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை இந்தக் கட்டடத்தில் அமைதி நேரம். அந்த நேரத்தில் மட்டும் உங்கள் மகளைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் நன்றியுடையவளாக இருப்பேன்."

பாலாம்பிகை கடிதத்தைத் தபால் பெட்டியடியில் நின்றே இரண்டு தரம் வாசித்தாள். தன் ஜெர்மன் அறிவில்தான் ஏதோ பிழை என்று மூன்றாம் தரமும் வாசித்தாள். பிழை இல்லை. 'உங்கள் மகள்' என்றுதான் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடங்களில் அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருந்ததே இல்லை.

அது 2006 செப்டெம்பர். ஹனோவரில், ஐலென்ரீட காட்டின் ஓரமாகப் போகும் அந்தத் தெருவுக்கு அவர்கள் குடிவந்து ஒரு வருடம் ஆகவில்லை. 1909இல் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் கட்டிய கட்டடம். இரண்டு உலகப் போரையும் தாண்டி நின்றது. படிக்கட்டு யன்னல்களில் வண்ணக் கண்ணாடி, கதவுகளில் பித்தளைப் பெயர்த்தகடு, ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு ஆள் நின்றாலும் முட்டாத கூரை. குடியிருப்பவர்கள் எல்லோரும் சங்கத்தின் பங்காளிகள். மருத்துவர்கள், ஓய்வுபெற்ற நீதவான், இசைக் கல்லூரிப் பேராசிரியர் என்று பெரிய ஆட்கள். ரப்பர் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் விஜயரத்தினத்துக்கும், முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் பாலாம்பிகைக்கும் அங்கே இடம் கிடைத்தது நாலு வருடம் பட்டியலில் காத்திருந்ததால்தான்.

வீடு பார்க்கப் போன அன்று அவளுக்கு மனமில்லை. இரண்டு பேருக்கு நாலு அறை எதற்கு? விஜயரத்தினம் அறைகளைப் பார்க்கவே இல்லை. வாசல் கதவைத் திறந்ததும் நேரே தெரிகிற நீண்ட நடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பக்கமும் கதவுகள், அந்தலையில் முற்றத்தைப் பார்த்த ஒரு யன்னல், அதுவரைக்கும் பழைய ஓக் பலகைத் தரை. "இது காணும்," என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கடிதத்தை அவனிடம் கொடுத்தாள். அவன் அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"மனிசிக்கு வயசு போயிட்டுது. காது சரியில்லைப் போல."

"காது சரியில்லாட்டிக் கேக்காது. இல்லாததும் கேக்குமோ?"

"பழைய கட்டடம். பலகை நெரியிற சத்தமாயிருக்கும். நீர் உதைப் பெரிசாக்காதையும்."

அவள் பெரிதாக்கவில்லை. ஒக்டோபர் நடுவில் இரண்டாம் கடிதம் வந்தது. அதோடு இன்னொரு தாளும் இருந்தது. திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று வரிசையாக எழுதப்பட்ட ஒரு பட்டியல். இந்த நாட்டில் சத்தத்தைப் பற்றி முறையிடுகிறவர்கள் அப்படித்தான் குறித்து வைப்பார்கள். 'இதன் பிரதி ஒன்றைச் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன், மன்னிக்கவும்' என்று கீழே இருந்தது.

பாலாம்பிகை காலுறையைக்கூட மாற்றாமல் கீழே இறங்கிப் போய் மணியை அடித்தாள்.

ஃப்ரௌ ஆலெர்ஸுக்கு எழுபத்தெட்டு வயது. மெலிந்த, நிமிர்ந்த மனுஷி. தலைமயிரை ஆண்பிள்ளை போலக் குட்டையாக வெட்டியிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த வீட்டின் நடையும் மேல்வீட்டு நடை மாதிரியேதான் இருந்தது. சுவரில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் வரிசையாக நிற்கும் பழைய படங்கள் தொங்கின.

"எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை," என்றாள் பாலாம்பிகை.

"உறவினர் பிள்ளை? பார்த்துக்கொள்ள யாராவது விட்டுவிட்டுப் போகிறார்களா?"

"இல்லை. நான் இரண்டரை மணிக்குத்தான் வேலையால் வருவேன். என் கணவர் இரவு வேலை. பகலில் நித்திரை கொள்ளுவார்."

கிழவி அவளுடைய முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிற பிள்ளைகளை நெடுங்காலம் பார்த்த கண்கள் அவை. இவள் பொய் சொல்லவில்லை என்று கண்டதும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

"நான் முப்பத்தாறு வருடம் உடற்பயிற்சி ஆசிரியை. பெண்பிள்ளைகளை ஓட விடுவதுதான் என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஓடுகிறது யார் என்று சொல்லுவேன். மேலே ஓடுவது பெண்பிள்ளை. ஆறு வயது, கூடினால் ஏழு. பாரமில்லாத பிள்ளை. வெறுங்கால். வாசலிலிருந்து யன்னல்வரை ஓடித் திரும்புவாள். ஐந்தாறு தரம் ஓடுவாள். பிறகு நடுவில், மூன்றாவது கதவுக்குக் கிட்ட, சட்டென்று நின்றுவிடுவாள். அதோடு சரி. அன்றைக்குப் பிறகு சத்தமே இருக்காது."

"இது பழைய வீடு," என்றாள் பாலாம்பிகை. "முந்தி இங்கே ஏதாவது..."

"நான் 1951இலிருந்து இங்கே இருக்கிறேன். மேலே நாற்பது வருடம் ஒரே குடும்பம் இருந்தது. ஒரு சத்தம் கேட்டதில்லை. நீங்கள் வந்த பிறகுதான்."

மேலே வந்து அவள் குசினி மேசையில் பட்டியலை விரித்து வைத்தாள். குளிர்ப்பெட்டிக் கதவில் விஜயரத்தினத்தின் வேலைநேர அட்டவணை ஒட்டியிருந்தது. ஒரு கிழமை காலை வேலை, மற்றக் கிழமை இரவு வேலை. அவள் சும்மாதான் அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து கிட்டப் போய் விரலை வைத்து ஒவ்வொரு திகதியாகப் பார்த்தாள். கிழவி குறித்த நாட்கள் அத்தனையும் அவன் இரவு வேலைக் கிழமைகள். அவன் பகலில் வீட்டில் இல்லாத கிழமையில் ஒரு நாள்கூட இல்லை.

பேய் பிசாசு என்ற எண்ணமெல்லாம் அந்த நிமிடத்தில் ஓடிவிட்டது. தான் முதியோர் இல்லத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில், தன் வீட்டுக்கு யாரோ ஒருத்தி பிள்ளையோடு வந்து போகிறாள். தொழிற்சாலையில் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆறு வயது என்றால் இங்கே வருமுன் எசன் நகரில் இருந்த காலத்துத் தொடர்பாகவும் இருக்கலாம். மனம் ஒன்றைப் பிடித்துவிட்டால் மீதியைத் தானே கட்டி முடித்துவிடும். அவளுடைய மனமும் அன்று இருட்டுவதற்குள் ஒரு முழு வீட்டைக் கட்டி முடித்தது.

அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இரவு வேலைக் கிழமையில், செவ்வாய்க்கிழமை, பல் வலி என்று சொல்லி வேலையிலிருந்து பன்னிரண்டு மணிக்கே புறப்பட்டாள். மேலே போகாமல் நேரே ஃப்ரௌ ஆலெர்ஸின் மணியை அடித்தாள்.

"உங்களோடு இருந்து கேட்கலாமா?"

கிழவி ஒன்றும் கேட்காமல் நடையில் இரண்டு கதிரைகளைப் போட்டார். இரண்டு பேரும் மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கூரையைச் சுற்றிப் பூவும் இலையுமாகச் சாந்து வேலை. மருத்துவர் வீட்டு நாய் எங்கோ ஒரு தரம் குரைத்து ஓய்ந்தது. ஒரு மணி கழிந்து ஏழெட்டு நிமிடம் இருக்கும்.

முதலில் வாசல் பக்கம் இரண்டு மெல்லிய தட்டல்கள். பிறகு ஓட்டம். அவளுடைய தலைக்கு மேலால் சின்னக் கால்கள் ஓடிப் போயின. யன்னல்வரைக்கும் போய், திரும்பி, மறுபடி தலைக்கு மேலால் வந்தன.

பாலாம்பிகை கதிரையின் கையைப் பிடித்தாள். யாரோ ஒருத்தியின் பிள்ளையைக் கேட்கத்தான் வந்திருந்தாள். ஆனால் இடது கால் கொஞ்சம் பாரமாகவும் வலது கால் பட்டும் படாமலும் விழுகிற அந்த ஓட்டம் அவளுக்குத் தெரியும். ஊரில், கொக்குவில் வீட்டின் சீமெந்து நிலத்தில் அதைக் கேட்டுக் கேட்டு "மெல்ல, மெல்ல" என்று அவள் கத்தாத நாள் இல்லை. காது மறந்திருந்ததை உடம்பு மறக்கவில்லை. இரண்டு கையும் தாமாக முன்னே எழுந்தன.

ஆறாம் தரம் ஓடி வந்த கால்கள் மூன்றாம் கதவடியில் சட்டென்று நின்றன.

"இப்போது இனி ஓட மாட்டாள்," என்றார் ஃப்ரௌ ஆலெர்ஸ் மெதுவாக.

பாலாம்பிகை படிகளில் ஏறியது அவளுக்கு நினைவில்லை. திறப்பைப் போட்டுக் கதவைத் தள்ளினாள். நடையில் யாரும் இல்லை. அந்தலையில், யன்னலுக்குக் கீழே, சாரமும் பெனியனுமாக விஜயரத்தினம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நித்திரை கொள்ளவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, நடையின் நடுவில், ஆறு வயதுப் பிள்ளை நின்றால் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்காமலே சொன்னான்:

"கதவைச் சாத்தும். பயந்திடுவாள்."

அவள் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"ஆர்?"

"உமக்குத் தெரியும்தானே."

"சொல்லுங்கோ. ஆர்?"

"தேனு," என்றான்.

பதினொரு வருடமாக அந்தப் பெயரை அவர்கள் இருவரும் ஒருவர் முன்னால் ஒருவர் சொன்னதில்லை.

தேனுஜா அவர்களுடைய ஒரே பிள்ளை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்க யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது அவளுக்கு ஆறரை வயது. நாவற்குழிப் பாலத்தில் தகப்பனின் தோளில் இருந்துதான் கடந்தாள். கொடிகாமத்தில் ஒரு மாதம், பிறகு கடல் கடந்து கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்கு எட்டுக் குடும்பம். தை மாதம் அங்கே மலேரியா வந்தது. மூளைக்கு ஏறுகிற வகை. பாலாம்பிகை நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டுப் பொழுதுபடத் திரும்பியபோது பிள்ளை பாயில் சுருண்டு படுத்திருந்தாள். "நித்திரை கொள்ளட்டும், எழுப்பாதையும்," என்றான் விஜயரத்தினம். விடியும்போது வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி என்று ஒரு கொட்டில் இருந்தது. அங்கே மருந்து இருக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை அவன் அன்று அந்த ஸ்டூலில் இருந்து சொன்னான்.

"பீலெஃபெல்ட் அகதிக் காம்பிலையே கேட்டது. வந்து மூண்டாம் மாசம். எனக்கு விசர் பிடிக்குது எண்டு நினைச்சன். அதுதான் அவசரப்பட்டு எசனுக்கு வெளிக்கிட்டனான். அங்கையும் வந்தாள். ஈரம், பூஞ்சணம் எண்டு உமக்குச் சொல்லி வீட்டை மாத்தினன். மாத்தின வீட்டுக்கும் வந்தாள். சின்ன வீடு, ரெண்டு எட்டு வச்சால் சுவர். பாவம், ஓட இடமில்லாமல் திரும்பித் திரும்பி..." அவன் நிறுத்தினான். "பிறகு ஓடி ஒளிக்கிறதை விட்டிட்டன். இரவு வேலையை நான்தான் கேட்டு வாங்கினனான். பகலிலை வீட்டிலை நிக்கலாம்தானே."

"ஏன் மூண்டாங் கதவிலை நிக்கிறாள்?"

அவன் முழங்காலில் இருந்த தன் வலது கையைப் பார்த்தான்.

"அண்டைக்கு நீர் அரிசிக்குப் போன நேரம். மத்தியானம். சனமெல்லாம் படுத்திருக்குது. இவள் விறாந்தையிலை ஓடுறாள். அந்தலையிலிருந்து அந்தலைக்கு. ஒரு கிழவன் எழும்பி என்னைப் பேசினார், பிள்ளை வளக்கத் தெரியாதோ எண்டு. எனக்குச் சூடேறிப் போச்சு. ஓடி வந்தவளை இடையிலை மறிச்சு அடிச்சுப்போட்டன். கன்னத்திலை. ஓடாதை, அசையாமல் இரு எண்டு. அவள் அழேல்லை. அப்பிடியே நிண்டாள். பிறகு போய்ப் படுத்தாள். கோவத்திலை படுத்திருக்கிறாள் எண்டுதான் நான் நினைச்சன். காய்ச்சல் அப்பவே இருந்திருக்கு. அடிச்ச கையிலை சூடு பட்டதுதான். நான்தான்..."

பாலாம்பிகை அவனிடம் போகவில்லை. கதவடியில் நின்றபடியே கேட்டாள்:

"ஒன்பது வருசமோ?"

"ஓம்."

"ஒன்பது வருசமா என்ரை பிள்ளையை எனக்கு ஒளிச்சு வச்சிருந்திருக்கிறியள்."

அடித்ததைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது அவனுக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. ஒரு மணிக்கு நடையின் தரையில் உட்கார்ந்தாள். அவன் ஸ்டூலில் இருந்தான். அவனுடைய கண்கள் போவதும் வருவதும் தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காதை வைத்துப் பார்த்தாள்.

"எனக்கேன் கேக்கேல்லை?"

"தெரியேல்லை, பாலா."

கீழே போனால்தான் அவளுக்குக் கேட்டது. ஏன் அப்படி என்று இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. வேலையிடத்தில் பேசிப் பின்னேர முறைக்கு மாறினாள். அவன் இரவு வேலைக்குப் போகும் கிழமைகளில் ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு முன்பே ஃப்ரௌ ஆலெர்ஸின் நடையில் போய் உட்கார்ந்தாள். மேலே தகப்பன் பார்த்துக்கொண்டிருப்பான். கீழே தாய் கேட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் பிள்ளை ஓடினாள்.

இரண்டாம் இரவு வேலைக் கிழமை முடிவில் கிழவிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். தெரிந்த ஜெர்மனில், வினைச்சொல் பிழைத்துப் பிழைத்துச் சொன்னாள். ஃப்ரௌ ஆலெர்ஸ் நம்பினாரா நம்பவில்லையா என்பதை அவர் முகம் காட்டவில்லை. கேட்டு முடித்தபின் ஒன்று மட்டும் சொன்னார்.

"பேச்சு வாங்கிய பிள்ளை அப்படித்தான் நிற்கும். ஓடுவதா விடுவதா என்று தெரியாமல் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கும். நான் நூறு தரம் பார்த்திருக்கிறேன்."

"அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"ஓடு என்று சொல்லுவேன். பேசினவரே சொன்னால்தான் பிள்ளை நம்பும்."

அதை அவள் மேலே போய்ச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் சொன்னாள். விஜயரத்தினம் உடனே எழுந்து நின்றான். அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அது அவனுக்குத் தோன்றவில்லை.

"நாளைக்குச் சொல்லட்டோ?"

"வேண்டாம்."

"ஏன்?"

"சொன்னால் போயிடுவாள். உங்களுக்கு ஒன்பது வருசம். எனக்கு ஒன்பது நாள். சொல்லாதேங்கோ."

அவன் மறுபடி உட்கார்ந்தான்.

நவம்பரில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கிறேன் என்று ஃப்ரௌ ஆலெர்ஸ் எழுதிக் கொடுத்தும், பதிவான முறைப்பாட்டை ஒரு தரம் கூடிப் பேசாமல் மூட முடியாது என்பது அவர்களுடைய விதி. சங்கக் காரியாலயத்தில் நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர் ஹெர் பிராண்டெஸ், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். இந்தப் பக்கம் விஜயரத்தினமும் பாலாம்பிகையும். ஓரத்தில் ஃப்ரௌ ஆலெர்ஸ்.

"உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு பேர் என்று இருக்கிறது," என்றார் ஹெர் பிராண்டெஸ். "முறைப்பாட்டில் ஒரு பிள்ளை வருகிறது. பிள்ளை இருப்பது குற்றமில்லை, தவறாக எண்ண வேண்டாம். ஆனால் எங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த வீட்டில் பிள்ளை இருக்கிறதா?"

"இல்லை," என்று சொல்ல விஜயரத்தினம் வாயைத் திறந்தான்.

"இருக்கிறாள்," என்றாள் பாலாம்பிகை. "எங்கள் மகள். ஆறு வயது."

விஜயரத்தினம் அவள் பக்கம் திரும்பவில்லை. மேசைக்குக் கீழே அவன் கை வந்து அவள் கையைத் தேடியது. அவள் விலக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

ஹெர் பிராண்டெஸ் எழுதினார். "அப்படியானால் பதிய வேண்டும். படிவம் அனுப்புவார்கள். சத்தத்தைப் பற்றி..."

"சத்தம் ஒன்றும் இல்லை," என்றார் ஃப்ரௌ ஆலெர்ஸ். "ஓடட்டும்."

மார்கழி முழுவதும் அப்படியே போனது. வெளியே காடு இலையெல்லாம் கொட்டிக் கறுத்து நின்றது. ஊரில் போர் மறுபடி தொடங்கிப் பாதைகளை மூடிவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண் மூடின இடத்துக்கு இனி யாரும் போக ஏலாது என்று செய்தி வந்தது. பாலாம்பிகைக்கு அது பெரிதாகப் படவில்லை. பிள்ளை அங்கே இல்லையே, இங்கே இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டாள். அவள் மெலிந்துபோனாள். கடையில் கண்ட தமிழ்ச் சனத்தோடு பேசுவதை விட்டாள். கணவனோடு பேசியது சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான். ஒரு மணிக்காகவே எழுந்தாள், ஒன்றேகால் முடிந்தால் அந்த நாளில் அவளுக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

தை மாதம் படிவம் வந்தது. பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தேனுஜா விஜயரத்தினம், 12.03.1989, கொக்குவில். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை ஒரு கடதாசியில் எழுதுகிறாள்.

நாலாம் நாள் தொலைபேசி மணி அடித்தது. காரியாலயத்திலிருந்து ஒரு இளம் பெண்.

"ஒரு சின்னச் சந்தேகம். கூட்டக் குறிப்பில் ஆறு வயது என்று இருக்கிறது. படிவத்தில் எண்பத்தொன்பது. ஆண்டு பிழைத்துவிட்டதோ?"

"பிழை இல்லை."

"அப்படியென்றால் உங்கள் மகளுக்கு வரும் மார்ச்சில் பதினெட்டு முடிகிறது." அந்தப் பெண் சிரித்தாள், நல்ல மனதோடு. "பெரிய ஆள். பதினெட்டானால் நீங்கள் கையெழுத்து வைக்கத் தேவையில்லை, அவரே வைக்கலாம்."

பாலாம்பிகை தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியிலேயே நின்றாள். பதினெட்டு. ஃப்ரௌ ஆலெர்ஸின் சுவரில் தொங்கும் படங்களில் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் உயரமான பிள்ளைகளின் வயது. இவளோ இன்னும் விறாந்தையில், வாங்கிய அடியோடு, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில். இத்தனை காலம் தகப்பனின் பயத்தால் நின்றாள். கடந்த மூன்று மாதமும் தாய்க்குக் கேட்க வேண்டும் என்பதற்காக நின்றாள்.

மறுநாள், மாசி பிறக்க ஒரு கிழமை இருக்கையில், பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அவள் கீழே போகவில்லை. விஜயரத்தினம் ஸ்டூலைக் கொண்டுவந்து யன்னலடியில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு வாசல் கதவடியில் நின்றாள்.

"கீழை போகேல்லையோ?"

"இல்லை. இஞ்சைதான் நிக்கப் போறன்."

"உமக்குக் கேக்காதே."

"கேக்காட்டிப் பறவாயில்லை. இண்டைக்குச் சொல்லுங்கோ அவளுக்கு."

அவன் அவளைப் பார்த்தான். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் மனம் மாறிவிடும் என்று பயந்திருக்கலாம்.

ஒரு மணி கழிந்தது. நடை வெறுமையாக இருந்தது. பனி வெளிச்சம் யன்னலால் வந்து பலகையில் நீளமாக விழுந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவனுடைய கண்கள் அசையத் தொடங்கியதைக் கண்டாள். வந்தன, போயின, வந்தன. அவள் அவற்றையே எண்ணினாள். ஆறாம் தரம் அவை நடுவழியில், மூன்றாம் கதவடியில், நின்றன.

விஜயரத்தினம் ஸ்டூலிலிருந்து இறங்கி முழங்காலில் இருந்தான். அடித்த வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக்கொண்டான். பிள்ளைகள் செய்வதைப் போல.

"ஓடு, குஞ்சு," என்றான். "அப்பா பேச மாட்டன். நீ ஓடம்மா."

ஒன்றும் நடக்கவில்லை. அவனுடைய கண்கள் அதே இடத்தில் நின்றன. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவனை நோக்கி அசைந்தன. வேகம் பிடித்தன. அவனைத் தொட்டு, யன்னலைத் தொட்டுத் திரும்பின.

"ஓடுறாள்," என்றான். அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது. "திரும்பிப் போறாள். நிக்கேல்லை, மூண்டாங் கதவைத் தாண்டீட்டாள். பாலா, உம்மட்டை வாறாள்."

பாலாம்பிகை அப்படியே முழங்காலில் விழுந்து இரண்டு கையையும் விரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் படவில்லை. கதவுக்குக் கீழால் வந்த குளிர்காற்று மட்டும் கணுக்காலில் பட்டது. அவள் கைகளை மெல்ல மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அப்படியே இருந்தாள். அவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது.

கதவு தட்டிக் கேட்டது. விஜயரத்தினம் இருந்தபடியே எட்டித் திறந்தான். ஃப்ரௌ ஆலெர்ஸ். ஒரு மாடிப் படி ஏறி வந்ததில் மூச்சு வாங்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு வருடத்தில் அவர் மேலே வந்தது அதுதான் முதல் தரம். நிலத்தில் இருந்த இரண்டு பேரையும் பார்த்தார், அவர்களுக்கு அப்பால் வெறும் நடையைப் பார்த்தார்.

"இன்று அவள் நடுவில் நிற்கவில்லை," என்றார்.

"இல்லை," என்றாள் பாலாம்பிகை.

"முழு வேகத்தில் யன்னல்வரைக்கும் போனாள். திரும்பி வாசல்வரைக்கும் வந்தாள். இந்த இடம்வரைக்கும் கேட்டது." கிழவி தன் காலடியைக் காட்டினார். பாலாம்பிகை இருந்த இடம் அது. "பிறகு ஒரு எட்டும் கேட்கவில்லை. கதவு திறந்த சத்தமும் இல்லை. படியாலும் இறங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எங்கே போனாள்?"

பாலாம்பிகை மடக்கிய கைகளை விரிக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னிடம்," என்றாள்.